‘எஸ்’ சொன்னால் சம்மதமா?

இலக்கணம் சரி, உச்சரிப்பும் சரி. பிறகு ஏன் அலுவலக ஆங்கிலத்தில் காரியம் கெடுகிறது?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஊழியர்களுக்கான உணவகம். 1970-கள். விமானங்களில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் தட்டோடு வரிசையில் நகர்கிறார்கள். இறைச்சி வாங்கியவரிடம், அதன்மேல் குழம்பு ஊற்றட்டுமா என்று பரிமாறும் பெண் கேட்க வேண்டும். அதற்கு ஒரே சொல் போதும்: கிரேவி. இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்த பெண் அதைச் சொல்லும்போது குரல் கடைசியில் மேலே ஏறும். ‘கிரேவி?’ புதிதாக வேலைக்குச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சொல்லும்போது குரல் கீழே இறங்கி நிற்கும். ‘கிரேவி.’

வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் வரிசையில் நின்றவர்களின் காதில் அது, ‘இது கிரேவி, வேண்டுமானால் வாங்கு, இல்லாவிட்டால் நகரு’ என்று விழுந்தது. இந்தப் பெண்கள் சிடுசிடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று மேற்பார்வையாளர்கள் முடிவு கட்டினார்கள். பெண்களோ, இனம் பார்த்துத் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று குமைந்தார்கள்.

அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து வந்த மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ், பரிமாறும்போது நடந்த பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிறகு இரு தரப்பையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். ‘எல்லாரும் ஒரே சொல்லைத்தானே சொல்கிறோம்?’ என்றுதான் அந்தப் பெண்களுக்கு முதலில் தோன்றியது. குரல் ஏறுவதும் இறங்குவதும் எப்படிக் கேட்கப்படுகிறது என்று விளக்கிய பிறகுதான், இத்தனை நாளும் தங்கள்மீது விழுந்த பார்வைகளுக்குக் காரணம் விளங்கியது. இங்கிலாந்து வேலையிடங்களில் நடந்த இத்தகைய மோதல்களை வைத்து 1979-ல் பி.பி.சி. ‘கிராஸ்டாக்’ என்ற படத்தையே எடுத்தது. கம்பர்ஸ் இந்தச் சம்பவத்தை 1982-ல் வந்த தன் நூலில் பதிவு செய்தார்.

நம் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். வாளியோடு வருபவர் ‘சாம்பார்... சாம்பார்...’ என்று குரலை இறக்கித்தான் சொல்கிறார். அது உபசாரம் என்று நமக்குத் தெரியும். இலைமேல் கையைக் குறுக்கே நீட்டினால் வேண்டாம் என்று அவருக்கும் தெரியும். ஹீத்ரோவில் அந்தப் பெண்கள் செய்ததும் இதே உபசாரம்தான். அவர்கள் தேர்ந்த சொல்லில் பிழையில்லை, இலக்கணத்தில் பிழைக்கு இடமே இல்லை. ஆனாலும் அவர்களின் வேலைக்கும் மானத்துக்கும் சேதம் வந்தது.

ஆங்கிலத்தைப் பிழைப்புக்கான மொழியாகக் கொண்ட லட்சக்கணக்கான தமிழர்களுக்கு இந்தச் சேதம் இன்றும் தினமும் நடக்கிறது. சென்னையின் கால் சென்டர்கள் வளர்ந்த 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க உச்சரிப்பைப் பழக்கினார்கள். ஊழியர்களுக்கு அமெரிக்கப் பெயர்கூடச் சூட்டினார்கள். இன்றைய பயிற்சி வகுப்புகளும் இலக்கணத்தையும் உச்சரிப்பையும்தான் சுற்றி வருகின்றன. பணமும் சில சமயம் உயிரும் போவது அவற்றுக்கு மேலே இருக்கும் ஓர் அடுக்கில்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்

ஒரு வாக்கியத்துக்கு அகராதியும் இலக்கணமும் தரும் பொருள் ஒன்று. இந்த நேரத்தில், இன்னார், இன்னாரிடம் சொல்வதால் அது செய்கிற வேலை இன்னொன்று. இந்த இரண்டாவதை ஆராயும் துறையை ஆங்கிலத்தில் ‘ப்ராக்மாடிக்ஸ்’ என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் ஜே.எல். ஆஸ்டின் 1955-ல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள் இதற்கு அடித்தளம். ‘வாக்குக் கொடுக்கிறேன்’ என்று சொல்வதே வாக்குக் கொடுக்கிற செயல் என்று அவர் காட்டினார். 1967-ல் அதே ஹார்வர்டில் பால் கிரைஸ், ஒருவர் சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் எப்படிச் சரியாகப் பிடிக்கிறார் என்று விளக்கினார். கேள்வி வேடத்தில் வரும் கட்டளைகளை 1975-ல் ஜான் சர்ல் அலசினார்.

மேற்கில் இது இருபதாம் நூற்றாண்டுச் சங்கதி. தமிழ் வழியில் படித்த எவரும் இதன் ஒரு பகுதியைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். வினா ஆறு வகை, விடை எட்டு வகை. மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிட்ட அந்தப் பாடம், அலுவலக உரையாடலைப் புரிந்துகொள்ள இன்றைக்கும் கையில் எடுக்கக்கூடிய நல்ல கருவி. இந்தக் கட்டுரை நெடுக அதைப் பயன்படுத்தப்போகிறோம்.

■ பெட்டிச் செய்தி: நன்னூலின் கணக்கு

பவணந்தி முனிவரின் நன்னூல், 13-ஆம் நூற்றாண்டு. அதில் வினாக்கள்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா.

கடைசி மூன்றும் தகவலுக்காகக் கேட்கப்படுவதில்லை. ‘துவரம் பருப்பு இருக்கா?’ என்று கடையில் கேட்பது கொளல் வினா. ‘உனக்குப் போர்வை இல்லையா?’ என்று கையில் போர்வையோடு கேட்பது கொடை வினா. ‘குப்பையை வெளியே வச்சாச்சா?’ என்பது ஏவல் வினா.

விடைகள்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் வெளிப்படையானவை. மற்ற ஐந்தும் குறிப்பு விடைகள். ‘வர்றியா?’ என்றால் ‘கால் வலிக்குது’ என்பது உற்றது உரைத்தல். ‘ஆடுவாயா?’ என்றால் ‘பாடுவேன்’ என்பது இனமொழி.

ராத்திரி எட்டு மணி அழைப்பு

சென்னை தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறக்கப்பட்டது. அதிலிருந்து தெற்கே ஓ.எம்.ஆர். சாலை நெடுக வளர்ந்த அலுவலகங்களில் பல குழுக்களுக்கு உண்மையான வேலை நேரம் ராத்திரிதான். இங்கே மணி எட்டு என்றால், குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை ஒன்பதரை. கிளையண்ட் காபியோடு வந்து உட்காருகிறார். இப்படி ஓர் உரையாடலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், ஐ.டி. துறையில் இருப்பவர்களுக்குக் கற்பனை தேவைப்படாது.

‘இதை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாமா?’ என்கிறார் கிளையண்ட்.

‘டெஸ்டிங் டீமில் ரெண்டு பேர் லீவு. வி வில் ட்ரை அவர் பெஸ்ட்’ என்கிறார் சென்னையின் டீம் லீட்.

‘கிரேட்!’ அழைப்பு முடிகிறது.

இங்கே டீம் லீட் முடியாது என்று சொல்லிவிட்டார். நேராகச் சொல்லவில்லை, உற்றது உரைத்தார். கூட இருந்த சென்னைக் குழுவினர் அத்தனை பேருக்கும் அது விளங்கியது. கிளையண்ட் காதில் விழுந்தது வேறு: ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது, அதைச் சமாளித்து முடித்துவிடுவார்கள். அவர் அந்த வெள்ளிக்கிழமையைத் தன் மேலதிகாரிக்கு எழுதிவிடுகிறார். வெள்ளி வருகிறது, வேலை முடியவில்லை. கிளையண்ட் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார். டீம் லீடுக்கோ, ‘அப்போதே சொன்னேனே’ என்ற நியாயமான கோபம். அடுத்து எஸ்கலேஷன், விளக்கக் கடிதம், சனி ஞாயிறு வேலை. அந்த ஆண்டின் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘கம்யூனிகேஷன் மேம்பட வேண்டும்’ என்று ஒரு வரி. அவரை மறுபடி ஆங்கில இலக்கண வகுப்புக்கு அனுப்புவார்கள். அவருக்குத் தெரிந்த இலக்கணத்தில் குறையே இல்லை.

இன்னொரு வகைச் சறுக்கல் இதைவிட நுட்பமானது. ‘இன்னும் முடிக்கலையா?’ என்று கேட்டால் தமிழில் ‘ஆமாங்க, இன்னும் முடிக்கல’ என்று சொல்ல முடியும். கேட்டவரின் ஊகம் சரி என்பதற்குத்தான் அந்த ‘ஆமாம்’. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. முடிக்காவிட்டால் ‘நோ’, முடித்திருந்தால் ‘எஸ்’. ‘ஸோ யூ ஹாவன்ட் ஃபினிஷ்ட்?’ என்ற கேள்விக்கு நம்மவர் ‘எஸ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், எதிரில் இருப்பவர் வேலை முடிந்துவிட்டதோ என்று தடுமாறுகிறார்.

அதோடு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு நாம் போடும் ‘ம்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘எஸ், எஸ்’ ஆகிவிடுகிறது. அரைமணி நேரம் கிளையண்ட் சொன்ன ஒவ்வொரு நிபந்தனைக்கும் ‘எஸ், எஸ்’ சொன்னவர், கடைசியில் ‘இதில் நாலாவது மட்டும் கஷ்டம்’ என்கிறார். நாலாவதற்கும்தானே சம்மதித்தாய் என்று அங்கே முகம் மாறுகிறது.

மரியாதையின் விஷயம் இன்னும் வருத்தமானது. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ‘அந்த ஃபைலை அனுப்புங்க’ என்றால் போதும். அந்த ‘ங்க’ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். சார், மேடம், அண்ணா, அக்கா என்ற விளி மிச்சத்தைச் சரிசெய்யும். ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் இல்லை. அங்கே மரியாதை வேறு இடத்தில் வைக்கப்படுகிறது: கட்டளையைக் கேள்வியாக்குவதில், நிகழ்காலத்தை இறந்தகாலமாக்குவதில், ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்’ என்று சுற்றிவருவதில். நம் மனதில் ‘அனுப்புங்க’ என்று முழு மரியாதையோடு பிறந்த வாக்கியம், ‘ப்ளீஸ் செண்ட் த ஃபைல்’ என்று அங்கே போய்ச் சேரும்போது உத்தரவாக மாறியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் முன் குரல் உயர்த்தாமல் வளர்ந்த பிள்ளையை, வெளிநாட்டு மேலாளர் ‘முரட்டுத்தனமாக எழுதுகிறார்’ என்கிறார். அந்தப் பிள்ளைக்கு ஏன் என்றே தெரிவதில்லை.

கோவைக் கிராமம் கற்றுக்கொடுத்தது

உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பணிவான பேச்சைப் பற்றிப் பாடம் நடத்தினால் தவறாமல் வரும் இரண்டு பெயர்கள் பெனலோப் பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன். 1978-ல் நீண்ட கட்டுரையாகவும் 1987-ல் தனி நூலாகவும் வந்தது அவர்களின் கோட்பாடு. அதற்கு அவர்கள் ஆதாரமாகக் கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் மாயா பழங்குடியினர் பேசும் செல்தால், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் தமிழ். நம் ஊர்த் திண்ணையிலும் வயலிலும் யார் யாரிடம் எப்படிக் கேட்டார்கள், எப்படி மறுத்தார்கள், சாதி அடுக்கில் யாருக்கு ‘நீ’, யாருக்கு ‘நீங்க’ என்றெல்லாம் லெவின்சன் கவனித்துக் குறித்தவை அந்த உலகக் கோட்பாட்டின் ஒரு தூண். நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவர்கள் சொன்னதன் சாரம் இது. ஒவ்வொருவருக்கும் பிறர் முன்னால் காக்கவேண்டிய முகம் ஒன்று உண்டு. கேட்பதும் மறுப்பதும் குறை சொல்வதும் அந்த முகத்தில் உரசும் செயல்கள். உரசல் எவ்வளவு பெரியது என்பதை மூன்று விஷயங்கள் கூட்டித் தருகின்றன: இருவருக்கும் இடையே உள்ள தூரம், கேட்பவருக்குப் பேசுபவர்மேல் உள்ள அதிகாரம், கேட்கப்படும் காரியத்தின் சுமை. கூட்டுத்தொகை ஏற ஏறப் பேச்சு சுற்றி வளைக்கும். சிறியதென்றால் நேரடியாக. கொஞ்சம் பெரியதென்றால் உறவு கொண்டாடி அல்லது தயங்கித் தயங்கி. மிகப் பெரியதென்றால் வெறும் குறிப்பாக. அதற்கும் மேலே போனால், சொல்லாமலே விட்டுவிடுவது.

இந்தக் கணக்கில் ராத்திரி எட்டு மணி அழைப்பைப் போட்டுப் பாருங்கள். தூரம்: பாதி உலகம். அதிகாரம்: ஒப்பந்தம் அவர் கையில். சுமை: கெடு தவறும் என்ற செய்தி. மூன்றும் உச்சத்தில். டீம் லீட் குறிப்பு விடை சொன்னது மனித இயல்பின்படி மிகச் சரி. ஆகவே இதைத் தமிழரின் கூச்சம் என்றோ இந்தியர்களின் பலவீனம் என்றோ சொல்லும் பயிற்சியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாய்மொழியே ஆங்கிலமானவர்களும், விண்வெளிப் பொறியாளர்களும்கூட, அதே கூட்டுத்தொகையின் கீழ் இப்படியேதான் பேசினார்கள்.

பதிலுக்காகக் கேட்கப்படாத கேள்வி

1986 ஜனவரி 27 மாலை. மறுநாள் காலை சாலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். ஃபுளோரிடாவில் அன்றிரவு உறைகுளிர் அடிக்கும் என்று முன்னறிவிப்பு. ஓடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்து தந்தது யூட்டா மாநிலத்தின் மார்ட்டன் தயோகால் நிறுவனம். அதன் பொறியாளர்களுக்குக் கவலை: ராக்கெட்டின் இணைப்புகளை மூடும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்து, நெருப்பைக் கசியவிடலாம். யூட்டா, ஃபுளோரிடா, அலபாமா மூன்றையும் இணைத்துத் தொலைபேசிக் கூட்டம் நடந்தது. வெப்பநிலை 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்று தயோகால் பரிந்துரைத்தது. அது ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ்.

நாசா தரப்பின் பதில்கள் அதிபர் நியமித்த ரோஜர்ஸ் விசாரணைக் குழுவின் முன் பதிவாகியிருக்கின்றன. ராக்கெட் திட்ட மேலாளர் லாரன்ஸ் மல்லாய், அப்படியானால் எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா என்று கேட்டார். ஜார்ஜ் ஹார்டி, இந்தப் பரிந்துரை தனக்கு அதிர்ச்சியளிப்பதாகச் சொன்னார். ஆனால் ஒப்பந்தக்காரர் வேண்டாம் என்றால் அதை மீறி ஏவச் சொல்ல மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மல்லாயின் வாக்கியம் வடிவத்தில் வினா. யாரும் அதற்கு மாதத்தையோ தேதியையோ பதிலாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. நன்னூலைக் கேட்டால் ஏவல் வினா என்று சொல்லிவிடும். ஹார்டியின் வாக்கியமும் சொல் அளவில் முழுச் சுதந்திரம் கொடுக்கிறது. வாடிக்கையாளரே ‘அதிர்ச்சி’ என்று சொன்ன பிறகு அந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளும் துணிவு எந்த ஒப்பந்தக்காரருக்கு வரும்?

தயோகால் ஐந்து நிமிடம் தனியாகப் பேச அவகாசம் கேட்டது. அது அரைமணி நேரம் நீண்டது. அங்கே நிறுவனத்தின் மூத்த நிர்வாகி ஜெரால்ட் மேசன், பொறியியல் துணைத்தலைவர் ராபர்ட் லண்டிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னார். ரோஜர் பாய்ஸ்ஜோலி, ஆர்னி தாம்சன் என்ற இரு பொறியாளர்கள் எழுந்து மேசைக்கு வந்து படங்களைக் காட்டி வாதாடினார்கள். யாரும் செவிகொடுக்கவில்லை என்று உணர்ந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். தொலைபேசி மீண்டும் இணைந்தபோது தயோகாலின் பரிந்துரை மாறியிருந்தது: தரவுகள் முடிவானவை அல்ல, ஏவலாம்.

அதன்பின் நாசா தரப்பில் ஸ்டான்லி ரைனார்ட்ஸ், இணைப்பில் இருக்கும் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மறுநாள் காலை புறப்பட்ட 73-ஆவது விநாடியில் ஓடம் சிதறியது. பள்ளி ஆசிரியை கிரிஸ்டா மெக்காலிஃப் உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

விபத்துக்குப் பொறியியல் காரணங்களும் நிர்வாகக் காரணங்களும் நிறைய உண்டு. அவற்றை ஒரு தொலைபேசிக் கூட்டத்துக்குள் அடக்கிவிட முடியாது. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த மௌனத்தின் முன்னால்தான். இத்தனை நேரம் வாடிக்கையாளர் காட்டிய அதிருப்திக்குப் பிறகு, எல்லார் காதிலும் விழும்படி ‘எனக்கு உண்டு’ என்று சொல்வதற்கான விலை எவ்வளவு? மாற்றுக் கருத்து உண்டா என்பது கேள்வியாகவா கேட்டிருக்கும், கூட்டம் முடிகிறது என்ற அறிவிப்பாகவா?

■ பெட்டிச் செய்தி: சொல்லாமல் விட்ட ஒரு சொல்

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் ஏவியான்கா நிறுவன விமானம் 52, போயிங் 707, நியூயார்க் நோக்கி வந்தது. மோசமான வானிலை. மூன்று முறை வானில் காத்திருக்கவைத்ததில் மொத்தம் 77 நிமிடங்கள் போயின. முதல் முயற்சியில் தரையிறங்க முடியவில்லை. எமர்ஜென்சி என்று சொல்லும்படி கேப்டன் தன் குழுவுக்குள் ஸ்பானிஷ் மொழியில் சொன்னார். துணை விமானி கட்டுப்பாட்டு அறைக்கு ஆங்கிலத்தில் சொன்னது, எரிபொருள் தீர்ந்துவருகிறது என்று. அதையும் உயரம் பற்றிய உத்தரவை ஒப்பித்துவிட்டு, அதன் வாலாக, ‘சார்’ சேர்த்துச் சொன்னார். அந்த வாக்கியம் அபாய அறிவிப்பாகக் கேட்கப்படவில்லை. லாங் ஐலண்டின் கோவ் நெக் பகுதியில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் பலி. எரிபொருள் அவசரநிலையைக் குழுவினர் முறைப்படி அறிவிக்கத் தவறியதை விசாரணை வாரியம் காரணங்களில் ஒன்றாகக் குறித்தது.

2008 மார்ச் முதல், சர்வதேச விமானங்களை இயக்கும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆறு நிலைகள் கொண்ட மொழித் தேர்வில் குறைந்தது நாலாம் நிலையை எட்டியிருக்க வேண்டும். புரியாததை மறுபடி கேட்டுத் தெளிவுபடுத்தும் திறனும் அதில் அளக்கப்படுகிறது.

நேர்முகத் தேர்வின் மறைமுக விதிகள்

வேலைக்குள் நுழையும் வாசலிலேயே இந்தத் தடை நிற்கிறது. பிரிட்டனில் செலியா ராபர்ட்ஸ், சாரா கேம்ப்பெல் இருவரும் உண்மையான நேர்முகத் தேர்வுகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 2006-ல் அந்நாட்டு அரசுக்கு அறிக்கை தந்தார்கள். அவர்கள் பார்த்தவை பெரும்பாலும் எளிய உடலுழைப்பு வேலைகளுக்கான தேர்வுகள். பிரிட்டனிலேயே பிறந்த சிறுபான்மையினர் வெள்ளையர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே தேறினார்கள். வெளிநாட்டில் பிறந்தவர்கள்தான் பின்தங்கினார்கள். அந்த வேலைக்கே தேவைப்படாத பேச்சுத் திறனை நேர்முகத் தேர்வு எதிர்பார்த்தது என்பது அவர்களின் முக்கியமான முடிவு.

ஏன்? ‘சலிப்பான வேலையை எப்படிச் சமாளிப்பீர்கள்?’ என்ற மாதிரிக் கேள்விக்கு, ‘எனக்குச் சலிக்காது சார், எந்த வேலையும் செய்வேன்’ என்று உழைப்பாளி உண்மையாகப் பதில் சொல்கிறார். கேட்டவர் எதிர்பார்ப்பது ஒரு சின்னக் கதை: இப்படி ஒரு வேலை செய்தேன், இப்படிச் சலித்தது, இதைச் செய்து தாண்டினேன். அந்தக் கதை வேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. விதி தெரியாமல் ஆடியவர் தோற்கிறார். அவருக்கு மொழி போதாது என்று குறிப்பு எழுதப்படுகிறது.

நம் பொறியியல் கல்லூரிகளின் கேம்பஸ் தேர்விலும் இதே காட்சிதான். தன் குடும்பத்தில் முதல் பட்டதாரியான மாணவி, தானே செய்த புராஜெக்டைப் பற்றிக் கேட்டாலும் ‘நாங்கள் செய்தோம்’ என்கிறாள். தன்னைத்தானே மெச்சிக்கொள்வது அழகல்ல என்று அவளுக்கு வீடு சொல்லிக்கொடுத்திருக்கிறது. ‘உன் பங்கு என்ன?’ என்று மறுபடி கேட்கப் பொறுமையில்லாதவர், நல்ல பொறியாளரை இழந்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்.

ஆங்கிலம் இருவருக்கும் சொந்தமில்லாதபோது

இதுவரை சொன்ன பலவற்றில் ஒரு தரப்புக்கு ஆங்கிலம் தாய்மொழி. உலக வணிகத்தில் நிலைமை பல இடங்களில் அப்படி இல்லை. சென்னை ஆள் ஜெர்மன்காரரோடு பேசுகிறார், ஓசூர்த் தொழிற்சாலை ஜப்பானியரோடு பேசுகிறது. இருவருக்கும் ஆங்கிலம் கடன்தான். பின்லாந்தின் ஆய்வாளர்கள் மூவர், ஸ்வீடன் நிறுவனங்களோடு இணைந்த இரண்டு பின்லாந்து நிறுவனங்களில் இதை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். ஒன்று காகிதத் தொழில், மற்றது வங்கி. இருதரப்பும் பேசியது ஆங்கிலம்தான். ஆனாலும் ஃபின்னியர்கள் நேரடியாகவும் சிக்கனமாகவும் பேசினார்கள். ஸ்வீடன்காரர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவர்களின் எண்ணம். மொழியை மாற்றிக்கொண்டாலும் தத்தம் ஊரின் பேச்சு நெறியை எல்லாரும் கூடவே எடுத்துவருகிறார்கள். ஆகவே லண்டன் மரியாதையை மட்டும் உருப்போட்டுப் பயனில்லை. ஜப்பானியரோடு பேசும் ஓசூர்க்காரருக்கு அது போதாது.

கேட்பவர் பக்கம்

பேசுபவர் மாற வேண்டியது உண்மைதான். மறுப்பை வாக்கியத்தின் முதலில் வைக்கலாம்: வெள்ளி முடியாது, செவ்வாய் முடியும், காரணம் இது. அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நம் காதுக்கு உறுத்தும்; ஆனால் கெடு தெரிந்து திட்டமிடக் கிளையண்டுக்கு நாம் செய்யும் பெரிய மரியாதை அதுவே. எதிர்மறைக் கேள்விக்கு ‘எஸ்’, ‘நோ’ இரண்டையும் தவிர்த்து முழு வாக்கியமாகப் பதில் சொல்லலாம். அழைப்பு முடிந்த கையோடு, பேசியதை நாலு வரியில் எழுதி அனுப்பிவிடலாம்.

ஆனால் பாரம் முழுவதையும் அதிகாரம் குறைந்தவர் தலையில் ஏற்றுவது அநியாயம். கூட்டுத்தொகையைக் குறைக்கும் வசதி அதிகாரம் உள்ளவரிடம்தான் இருக்கிறது. ‘வெள்ளிக்குள் முடியும்தானே?’ என்று கேட்டால் வரும் பதில் முன்பே தெரிந்ததுதான். ‘வெள்ளிக்குள் முடியாமல் போகக்கூடிய விஷயம் எது?’ என்று கேட்டால், கெட்ட செய்தி சொல்வதே கேட்ட கேள்விக்கான பதிலாகிவிடுகிறது. முகம் உரசுவதில்லை. ‘யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டு நகர்வதைவிட, குழுவில் இளையவரில் தொடங்கி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையொட்டித்தான் பேசுவார்கள்.

இவை வெறும் ஆசைகள் இல்லை. சில தொழில்கள் இவற்றை விதியாகவே ஆக்கிவிட்டன. கட்டுப்பாட்டு அறை தரும் முக்கிய உத்தரவுகளை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், அதைக் கட்டுப்பாட்டாளர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ‘எஸ்’ என்றோ ‘ஓகே’ என்றோ தலையாட்டிவிட்டுப் போக முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்துவிட்ட நர்சுக்கு, தவறைப் பார்த்தால் மறுமுறை திறப்பது எளிது.

இப்போது மின்னஞ்சலுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. ‘ப்ளீஸ் செண்ட் த ஃபைல்’ என்று உள்ளே போட்டால், பணிவு தோய்ந்த ஐந்து வரிகளாக வெளியே வருகிறது. மரியாதைக் குறைவு என்ற பழி இதனால் குறையும், நல்லதுதான். ஆனால் உள்ளே போடும்போதே மறுப்பு இல்லையென்றால், அழகான ஆங்கிலத்தில் அதே பொய்யான வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேரும். நேரடி அழைப்பில் அந்த உதவியும் கிடையாது.

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு முதலே பிளேஸ்மென்ட் பயிற்சி தொடங்கிவிடுகிறது. சுய அறிமுகத்தை மனப்பாடம் செய்யவைக்கிறார்கள், குழு விவாதத்தில் குறுக்கே புகுந்து பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த நேர அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு மாணவர் கிளையண்ட், ஒரு மாணவர் டீம் லீட். கெடு தவறப்போகிறது, அதைச் சொல்ல வேண்டும். பதிவு செய்து, போட்டுக் கேட்டு, கிளையண்டாக இருந்தவர் காதில் என்ன விழுந்தது என்று அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். அடுத்த வாரம் இருவரும் இடம் மாற வேண்டும்; ஏனென்றால் இந்தப் பிள்ளைகளில் பலர் பத்தாண்டுகளில் மேலாளர்களாகி, இன்னொருவர் தயங்கித் தயங்கிச் சொல்வதைக் கேட்கும் நாற்காலியில் உட்காரப்போகிறார்கள்.